மகாவலிக் குடியேற்றங்களில் மலேரியா சிகிச்சை

இலங்கையின் மகாவலி ஆற்றில் அமைந்த துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம், கண்டி மாவட்டத்தின் பழைய தெல்தெனிய நகரையும் சூழவிருந்த கிராமங்களையும் மூழ்கடித்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒரு பகுதி வறண்ட வலயத்தில் கிராந்துருகோட்டையை அண்டிய, அத்திட்டத்தின் 'சி' வலயத்தில் குடியேற்றப்பட்டது. மலேரியா அரிதான மலைநாட்டிலிருந்து வந்ததால் அவர்களுக்கு நோயெதிர்ப்பு குறைவாக இருந்தது. வறண்ட வலயத்திலோ நோய் வேரூன்றியிருந்தது. 1980களின் நடுப்பகுதியில் அங்கு மலேரியா பெருகியது. அதே திட்டத்தின் கொத்மலை அணைக்குக் கீழே நீரோட்டம் குறைந்து, ஆற்றுப் பாறைக் குழிகளில் நீர் தேங்கியதால், கண்டியை அண்டிய கரைகளிலும் அனோபிலிஸ் நுளம்புகள் பெருகி நோய் பரவியது.

நோயைக் கண்டறிய, விரல் நுனியில் எடுத்த இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து ஒட்டுண்ணியின் வகை அறியப்பட்டது. குளோரோகுயின் குருதியிலுள்ள ஒட்டுண்ணியை அழித்தது. ஈரலில் உறங்கும் வைவாக்ஸ் வகையை ஒழிக்கப் பிரைமாகுயின் தேவைப்பட்டது. ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ளோருக்கு அம்மருந்து சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். குளோரோகுயினுக்கு மசியாத பல்சிபாரம் வகையும் அக்காலத்தில் இலங்கையில் தோன்றியதால் மாற்று மருந்துகள் தேவைப்பட்டன. வீட்டுச் சுவர்களுக்கு மலத்தியன் தெளிப்பது சிகிச்சைக்குத் துணையாக நடந்தது.

உள்நாட்டு மூலத்திலிருந்து மலேரியா தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.