வீழக்கூடிய வீரன்: காமிக்ஸ் நாயகர்கள் வீடியோ கேமுக்கு வந்த வழி, 1979–2000

முன்னுரை

காமிக்ஸ் நாயகனுக்கு நிரந்தரத் தோல்வி கிடையாது. கதையின் நடுவே எவ்வளவு அடி வாங்கினாலும் கடைசிப் பக்கத்தில் எழுந்து நிற்பான். அடுத்த இதழுக்கு அவன் வேண்டும். வீடியோ கேமின் நிலை வேறு. தோற்க வழியே இல்லாத ஆட்டத்தில் சுவை இருக்காது. ஆகவே காமிக்ஸ் நாயகனைத் திரைக்குக் கொண்டுவந்த வடிவமைப்பாளர்கள் எல்லோர் முன்னும் ஒரே கேள்வி நின்றது: வெல்ல முடியாதவன் என்று பேர் வாங்கியவனை எப்படி வீழ வைப்பது? 1979 முதல் 2000 வரை வந்த முக்கியமான ஆட்டங்கள் இதற்குத் தந்த விடைகளை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. தமிழ்நாட்டு வீடியோ கேம் கடைகளில் மனத்தில் நிலைத்த ஆட்டம் எது, அதற்குக் காரணம் என்ன என்பதையும் பார்க்கிறது. நாயகனின் ஆற்றலைவிட அவனுக்கு விதித்த வரம்பே ஆட்டத்தின் தரத்தைத் தீர்மானித்தது என்பதே இதன் முடிபு.

செங்கத்து நடுகற்கள் தரும் அளவுகோல்

வீரனைப் படமாகவும் எழுத்தாகவும் ஒரே பரப்பில் காட்டும் வழக்கம் தமிழ் நிலத்தில் பழையது. ஜவ்வாது மலையின் தென்புறத்துச் செங்கம் வட்டாரம் அதற்குச் சிறந்த சான்று. அங்குள்ள நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவம் இருக்கும். யார் ஆட்சியில், எந்தப் பூசலில், யார் பட்டான் என்பதை வட்டெழுத்து சொல்லும். எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்டதையும், கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் அக்கல் பதிவு செய்கிறது.

இந்த வீரனுக்குப் பறக்கத் தெரியாது. அம்பு பட்டால் சாவான். வீழ்ந்ததால்தான் அவனுக்குக் கல் நின்றது. இப்பகுதி மக்கள் இத்தகைய கற்களை வேடியப்பன் என்று இன்றும் வழிபடுகிறார்கள். நடுகல்லிலிருந்து காமிக்ஸுக்கோ கேமுக்கோ நேர்வழி எதுவும் கிடையாது. ஆனாலும் வீரத்தை அளக்க அது ஓர் அளவுகோல் தருகிறது: இழக்க ஏதும் இல்லாதவனின் சண்டையில் வீரத்துக்கு இடமில்லை. கேம் வடிவமைப்பாளர்கள் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

தொடக்கக் காலம்: 1979–1986

அட்டாரி நிறுவனத்துக்காக ஜான் டன் உருவாக்கிய ‘சூப்பர்மேன்’ 1979இல் வந்தது. முந்தைய ஆண்டின் திரைப்படம் அந்த நாயகனை உலகெங்கும் பேசவைத்திருந்த நேரம். லெக்ஸ் லூதரும் அடியாட்களும் பாலத்தைத் தகர்க்கிறார்கள். தொலைபேசிக் கூண்டில் உடை மாற்றும் கிளார்க் கென்ட் அதன் துண்டுகளைத் தேடி ஒட்டவைத்து, குற்றவாளிகளைச் சிறையில் அடைத்து, மறுபடி பத்திரிகையாளனாக அலுவலகம் திரும்ப வேண்டும். இந்த ஆட்டத்தில் நாயகனுக்குச் சாவே இல்லை. கிரிப்டோனைட் பட்டால் பறக்கும் ஆற்றல் போய்விடும். லோயிஸ் லேனின் முத்தம் கிடைத்தால் திரும்பும். அதுவரை நடந்தே அலைய வேண்டும். எவ்வளவு நேரத்தில் முடித்தோம் என்பதே வெற்றிக்கணக்கு. உயிருக்குப் பதிலாக நேரத்தை இழக்கவைத்த டன்னின் தீர்வு, சூப்பர்மேனின் இயல்பைக் குலைக்காமல் ஆட்டத்துக்கு வேண்டிய இழப்பை உண்டாக்கியது.

1982இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘ஸ்பைடர்மேன்’ மார்வெல் நாயகரை வைத்து வந்த முதல் வீடியோ கேம். நிரல் எழுதியவர் லாரா நிகோலிச். வலை வீசி உயரமான கட்டடத்தில் ஏற வேண்டும். வலைத் திரவமோ அளவானது. பிடிமானம் இல்லாத இடத்தில் வீசினால் விழ நேரும். விழும்போதே இன்னொரு வலை வீசித் தப்பிக்கலாம். காமிக்ஸில் வாசகர் கண்ணால் கண்ட ஆபத்தை இந்த ஆட்டம் விரலுக்கு மாற்றியது.

பிரிட்டனில் ஓஷன் நிறுவனத்துக்காக ஜான் ரிட்மனும் பெர்னி டிரம்மண்டும் 1986இல் செய்த ‘பேட்மேன்’ இன்னும் துணிச்சலானது. ராபினை மீட்கப் பேட்கிராஃப்ட் என்னும் வாகனத்தின் ஏழு பாகங்களைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் பேட்மேனுக்குத் தாவக்கூடத் தெரியாது. காலணி, பை, இடைவார் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்த பிறகே திறன்கள் கூடும். எதிரியை அடிக்க வழியில்லை. தொட்டால் உயிர் போகும். பிறவியிலேயே அதிசய ஆற்றல் இல்லாத, கருவிகளையும் புத்தியையும் நம்பும் மனிதன் என்ற காமிக்ஸ் இலக்கணம் இங்கே அப்படியே விதியானது.

ஜப்பானியரின் பங்கு: 1989–1998

அடுத்த பத்தாண்டில் முன்னணி ஜப்பானிய நிறுவனங்களுக்கு மாறியது. சன்சாஃப்ட் 1989இல் ஜப்பானில் வெளியிட்ட ‘பேட்மேன்’, சுவரிலிருந்து சுவருக்குத் தாவும் அசைவை ஆட்டத்தின் உயிர்நாடியாக்கியது. தாவல் ஒரு நொடி பிசகினால் கீழே விழ வேண்டியதுதான். எறிகருவிகளுக்கும் இருப்புக் கணக்கு உண்டு.

கோனாமியின் ‘எக்ஸ்மென்’ (1992) ஆறு பேர் தோளோடு தோள் நின்று ஆடும் பெரிய ஆர்கேட் பெட்டியாகவும் வந்தது. சைக்ளாப்ஸ், வுல்வரின், ஸ்டார்ம், கொலோசஸ், நைட்கிராலர், டாஸ்லர் ஆகியோரின் சிறப்பு ஆற்றலைப் பயன்படுத்தினால் ஆடுபவரின் சொந்த உயிர்க்கோடே குறையும். ஆற்றலுக்கு விலை உண்டு என்ற அந்தக் காமிக்ஸின் அடிப்படைத் துயரம் ஒரே பொத்தானுக்குள் வந்துவிட்டது. இங்கே விடை முழுமை பெற்றது என்பது என் கருத்து. பின்னர் காப்காம் ‘எக்ஸ்மென்: சில்ட்ரன் ஆஃப் தி ஆட்டம்’ (1994) தொடங்கி ‘மார்வெல் வெர்சஸ் காப்காம்’ (1998) வரை நாயகர்களை எதிரெதிரே நிறுத்தி, சமபலமுள்ள இருவரின் மோதலாக ஆட்டத்தை மாற்றியது.

தமிழ் வாசகரும் ஆட்டக்காரரும்

தமிழ்நாட்டில் காமிக்ஸும் கேமும் இரு தனி ஓடைகளாக ஓடின. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தந்தது. 1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு வந்த லயன் காமிக்ஸ், ஸ்பைடர்மேனிலிருந்து வேறான ‘ஸ்பைடர்’ என்ற நாயகனைப் பிரபலமாக்கியது. இவ்விருவரும் பிரிட்டிஷ் வார இதழ்களில் பிறந்தவர்கள். கேசட்டுகளிலும் கடைப் பெட்டிகளிலும் வந்தவர்களோ அமெரிக்க நாயகர்கள், ஜப்பானியரின் கைவண்ணத்தில். மின்சாரம் பாய்ந்தால் மறைந்து போகும், இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும், நேரம் கடந்தால் உடல் மீண்டும் வெளிப்பட்டுவிடும் மாயாவியைப்போல் ஆட்டத்துக்குப் பொருத்தமான நாயகன் அரிது. ஆனால் தொண்ணூறுகளின் வீடியோ கேம் கடையில் மாயாவி இல்லை.

அங்கே கூட்டம் சேர்த்தது ‘முஸ்தபா கேம்’. இதன் உண்மைப் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’; காப்காம் 1993இல் வெளியிட்டது. மார்க் ஷூல்ட்ஸ் 1980களில் வரைந்த ‘ஜீனோசோயிக் டேல்ஸ்’ என்ற காமிக்ஸே அதன் மூலம். பேரழிவுக்குப் பிறகு டைனோசார்கள் திரும்பிய பூமியில் வேட்டைக் கும்பல்களை எதிர்க்கும் ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்ற நால்வரில் ஒருவரைத் தேர்ந்து, மூவர் வரை சேர்ந்து ஆடலாம். நால்வரில் வேகமான முஸ்தபாவின் பெயரே இந்தியாவெங்கும் ஆட்டத்தின் பெயராயிற்று. மூலக் காமிக்ஸைப் படிக்காமலேயே நம் பிள்ளைகள் அந்த ஆட்டத்தில் ஊறினார்கள்.

இதற்கான காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்த நால்வருக்கும் அதிசய ஆற்றல் கிடையாது. கையில் கிடைத்த கட்டையும் கல்லும் துப்பாக்கியும்தான் ஆயுதம். குண்டு தீர்ந்தால் வெறுங்கை. தரையில் கிடக்கும் உணவை எடுத்தால்தான் உயிர்க்கோடு ஏறும். அந்த உணவை யார் எடுப்பது என்பதை ஆடும் மூவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். லைஃப் குறைவாக இருப்பவனுக்கு விட்டுக்கொடுப்பதே கடைசி பாஸ் வரை போகும் வழி. எருமையைக் காக்கப் போனவனும் அவன் நாயும் போல, இங்கும் துணையோடு நின்று போராடும், எந்த நொடியும் வீழக்கூடிய மனிதர்களே நாயகர்கள்.

எதிர்ச்சான்றும் மீட்பும்: 1999–2000

டைட்டஸ் நிறுவனம் 1999இல் நிண்டெண்டோ 64 கருவிக்கு வெளியிட்ட ‘சூப்பர்மேன்’ இக்கருத்துக்கு எதிர்முனைச் சான்று. வானில் வளையங்களுக்குள் பறக்கும் தேர்வுகளை அது திரும்பத் திரும்ப வைத்தது. விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். டன் 1979இல் நாயகனின் இயல்பிலிருந்தே வரம்பை எடுத்தார். இங்கே கடிகாரமும் வளையமும் வெளியிலிருந்து மாட்டப்பட்டன. மறுவருடம் நெவர்சாஃப்ட் உருவாக்கிய ‘ஸ்பைடர்மேன்’ வலைத் திரவத்தின் இருப்பைக் கணக்கில் வைத்து, 1982இன் பாடத்தை முப்பரிமாணத்தில் மீட்டது. பின்வந்த ஸ்பைடர்மேன் ஆட்டங்களுக்கு அது வலுவான அடித்தளம்.

முடிவுரை

இருபது ஆண்டு வரலாறு காட்டுவது இது: நாயகனின் படத்தை மட்டும் கடன் வாங்கிய ஆட்டங்கள் மங்கின, அவனுடைய பலவீனத்தை விதியாக்கிய ஆட்டங்கள் இன்றும் ஆடப்படுகின்றன. புதிதாகக் கேம் செய்ய முனையும் தமிழ் இளைஞர்கள் இதை முதல் பாடமாகக் கொள்ளலாம்.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் வழிகாட்டலில் 1970களின் தொடக்கத்தில் படியெடுத்து நூலாக்கியதால்தான் கருந்தேவக்கத்தியைப் பற்றி இன்று பேச முடிகிறது. பழைய தமிழ் அச்சுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதே பணியைச் செய்துவருகிறது. தொண்ணூறுகளின் கேம் பெட்டிகளும் கேசட்டுகளும் அவற்றை நடத்திய கடைக்காரர்களின் நினைவுகளும் இந்தக் கவனத்துக்குக் காத்திருக்கின்றன. பெட்டியின் மின்சுற்றுப் பலகை அரித்துப்போகும். நினைவு வைத்திருப்பவர்களுக்கு வயதாகிறது. ஊடகவியல், தமிழியல் துறைகளின் ஆய்வு மாணவர்கள் தம் ஊர்க் கடைகளிலிருந்து இந்தத் தொகுப்பை இப்போதே தொடங்க வேண்டும்.