சிவப்பழகு கிரீமில் பாதரசம்: கிட்னிக்கு ஆபத்து!

"கல்யாணத்துக்குள்ள கலராகணும்" என்று கண்ட கிரீமையும் வாங்கி பூசுபவர்கள் உஷாராக இருக்க வேண்டும். சீக்கிரம் சிவப்பாக்குவதாக விற்கப்படும் சில கிரீம்களில் பாதரசம் கலக்கப்படுகிறது. இது தோல் வழியாக ரத்தத்தில் கலந்து கிட்னியை பதம் பார்த்து விடும்.

கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, கிட்னியில் ரத்தத்தை வடிகட்டும் பகுதி பழுதான 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு ஒரே விதமான அபூர்வ பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்தவர்கள்! கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது.

அறிகுறிகள் என்ன?

கால், முகம் வீங்கும். சிறுநீர் நுரை நுரையாக போகும்.

என்ன செய்யணும்?

* இந்திய விதிப்படி முக கிரீமில் பாதரசம் 10 லட்சத்தில் 1 பங்கை தாண்டக்கூடாது. ஆனால் அதை கண்ணால் பார்த்து கண்டுபிடிக்க முடியாது. எனவே தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண் இல்லாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

* வீக்கம் வந்தால் கிரீமை உடனே நிறுத்தி, அந்த டப்பாவோடு டாக்டரிடம் போகணும்.