நோயும் உடற்பயிற்சியும்: ஒரு மருத்துவ வரலாறு

நோயுற்றவர் படுக்கையில் ஓய்ந்திருத்தல் வேண்டும் என்பது மக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த நம்பிக்கை. மருத்துவரும் அதனையே வலியுறுத்தி வந்தனர். புற்றுநோய் என்றால் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த நம்பிக்கை படிப்படியாக எவ்வாறு மாறிற்று என்பதைப் புரோஸ்டேட் புற்றுநோயின் வரலாறு தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள சிறு சுரப்பியே புரோஸ்டேட். அதன் வளர்ச்சிக்கு, விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் தேவை. அதில் தோன்றும் புற்றும் பெரும்பாலும் அந்த ஹார்மோனை நம்பியே வளர்கிறது. இவ்வுண்மையை 1941ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹக்கின்சும் கிளாரன்ஸ் ஹாட்ஜசும் நிலைநாட்டினர். விரைகளை அகற்றினாலோ பெண்மை ஹார்மோனைச் செலுத்தினாலோ, உடலெங்கும் பரவிய நோயும் தணிந்தது. ஹக்கின்சுக்கு 1966இல் நோபல் பரிசு கிட்டியது.

டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதற்கு மூளையிலிருந்து ஆணை பிறக்கிறது. அவ்வாணையைக் கொண்டு செல்லும் பொருளின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலியின் குழுவினர் 1971இல் கண்டறிந்தனர். அதன் பயனாக 1980களில் ஊசி மருந்துகள் வந்தன. அறுவையின்றியே ஹார்மோன் சுரப்பை அடக்க இயன்றது. நோயாளிகள் பல்லாண்டுகள் வாழ்ந்தனர்.

ஆனால், அந்த வாழ்வுக்கு உடல் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. புற்றை வளர்க்கும் அதே ஹார்மோன்தான் தசையையும் எலும்பையும் காத்து நிற்கிறது. 2002இல் அமெரிக்காவில் மேத்யூ சுமித் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 48 வாரச் சிகிச்சைக்குப் பின் நோயாளிகளின் உடற்கொழுப்பு சராசரியாக 9.4 விழுக்காடு கூடியிருந்தது. கொழுப்பு நீங்கிய உடல் எடை 2.7 விழுக்காடு குறைந்திருந்தது. 2006இல் நான்சி கீட்டிங் குழுவினர் 73,000க்கும் மேற்பட்ட முதியோரின் பதிவுகளை ஆராய்ந்தனர். இவ்வகை ஊசி பெற்றோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 44 விழுக்காடு மிகுதியாக இருந்தது.

காரணம் வெளிப்படை. இரத்தச் சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் முதன்மையான இடம் தசையே. தசை தேய்ந்தால் சர்க்கரை தேங்குகிறது. இன்சுலினின் ஆற்றல் மங்குகிறது. மிகுந்த கொழுப்போ அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் கலக்கிறது. புற்றுக்கும் அழற்சிக்கும் தொடர்புண்டு என்பதை ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்ஹோ 1863ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியிருந்தார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

மருந்தை நிறுத்தினால் நோய் வளரும்; தொடர்ந்தால் உடல் மெலியும். இவ்விக்கட்டுக்கு விடை தசையிடமே இருந்தது. 2003இல் கனடாவில் ரோவான் சீகல் குழுவினர், சிகிச்சை பெறும் 155 பேரிடையே ஆய்வு நடத்தினர். ஒரு பிரிவினர் வாரம் மூன்று முறை, 12 வாரங்கள் எடை தூக்கிப் பயின்றனர். அவர்களது சோர்வு குறைந்தது, வலிமை கூடியது. எனினும் உடற்கொழுப்பு மாறவில்லை. 2010இல் ஆஸ்திரேலியாவில் டேனியல் கல்வாவோ குழுவினர் எடைப்பயிற்சியோடு மூச்சை வளர்க்கும் பயிற்சியையும் சேர்த்து, 57 பேரிடம் சோதித்தனர். பயின்றோரின் தசை வளர்ந்தது. அழற்சியைக் காட்டும் சி ரியாக்டிவ் புரதம் குறைந்தது.

இதன் நுட்பத்தை விளக்கியவர்களுள் கோப்பன்ஹேகன் நகரின் பென்டே பெடர்சன் குறிப்பிடத்தக்கவர். இயங்கும் தசை இன்டர்லியூகின்-6 என்னும் பொருளை இரத்தத்தில் விடுகிறது. அது அழற்சியைத் தணிக்கும் பிற பொருள்களைத் தூண்டுகிறது என்று அவர் குழு காட்டியது. தசை வெறும் இழுவைக் கயிறு அன்று, சுரக்கும் உறுப்புமாகும்.

2011இல் ஸ்டேசி கென்ஃபீல்டு குழுவினர், இந்நோய் கண்ட 2,705 அமெரிக்க ஆண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். வாரம் மூன்று மணி நேரமேனும் கடுமையாக உழைத்துப் பயின்றோரிடையே, ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகப் பயின்றோரைவிட, இந்நோயால் நேரும் இறப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. உடல்நலம் உடையோரே மிகுதியாகப் பயின்றிருக்கலாம் ஆதலின், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

பயிற்சி மருந்துக்கு மாற்று அன்று. மருந்து பறித்ததை மீட்டுத் தரும் துணை. எலும்புவரை நோய் பரவியோர் மருத்துவரின் வழிகாட்டலின்றி எடை தூக்குதல் தகாது. ஆயினும், நோயாளி என்றாலே படுக்கை என்னும் பழங்கருத்து இன்று நிலைகுலைந்துவிட்டது. உடலைக் காக்கும் பொறுப்பில் மருத்துவரோடு நோயாளிக்கும் பங்குண்டு என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடமாகும்.