ஒளிபுகாமை: துணியிலும் நீரிலும்

பிரிண்டிங் பட்டறைகளில் ‘ஒபாசிட்டி’ என்று புழங்குவதைத்தான் பாடநூல்கள் ஒளிபுகாமை என்கின்றன. புகைப்படவியலில் அது ஓர் எண். விழும் ஒளியை, ஊடுருவி வெளிவரும் ஒளியால் வகுத்தால் கிடைப்பது. நூற்றில் ஒரு பங்கு மட்டும் வெளிவந்தால் ஒளிபுகாமை 100. காகிதத் தொழிலில் கணக்கு வேறு. கறுப்புப் பின்புலத்தில் வைத்தால் திரும்பும் ஒளி, வெள்ளைப் பின்புலத்தில் திரும்புவதில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள்.

திருப்பூர் மண்ணரையின் பனியன் தொழிலுக்கு இது அன்றாடச் சங்கதி. ரவுண்டு கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டித் தராசில் வைக்கிறார்கள். 1.6 கிராம் நின்றால் துணி 160 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம். ஆனால் எடை மட்டும் உடலை மறைத்துவிடாது. அதே எடையிலும் லூப் நெருக்கம் தளர்ந்தால் உடல் தெரியும்.

வெள்ளை பனியன் மறைப்பதற்குக் காரணம் பருத்தி மட்டுமன்று, இழைகளுக்கிடையே நிற்கும் காற்றும்தான். பருத்தியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.55, காற்றினது 1. இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி சிதறுகிறது. துணி நனைந்தால் காற்றின் இடத்தை 1.33 எண் கொண்ட நீர் பிடிக்கிறது. வேறுபாடு சுருங்கி, சிதறல் குறைந்து, தோல் தெரிகிறது. கறுப்பு பனியனில் மஞ்சளை நேரே அச்சிட்டால் எடுபடாததும் இந்தக் கணக்கால்தான். முதலில் வெள்ளை அடித்தளம் போட்டுச் சூடு காட்டி, அதன்மேல் நிறம் ஏற்றுகிறார்கள். அந்த வெள்ளைக்கு வலிமை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ஒளிவிலகல் எண் 2.7-ஐ ஒட்டியது.

துணியில் கண்ணை நம்பலாம். நொய்யல் ஆற்று நீரில் நம்ப முடியாது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும், மிச்சச் சாயமும் உப்பும் கழிவுநீரோடு போகும். நிறத்தை நீக்கிவிட்டால் நீர் தெளிந்துவிடும், கரைந்த உப்போ அப்படியே இருக்கும். கலங்கல் நீரைக் கண்டால் எவரும் ஒதுங்குவர், தெளிந்த உப்புநீரோ சந்தேகம் எழுப்பாமல் வயலுக்குள் புகும். பாசனத்துக்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானதை இந்த மண் மறக்காது. சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் கழிவுநீரே வெளியேறக்கூடாது என்றது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ‘கழிவு வெளியேற்றமற்ற சுத்திகரிப்பு’ அதன் பிறகே தொழிலின் நிபந்தனையாக நிலைபெற்றது. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் பெருஞ்செலவு என்றாலும், உப்பைப் பிரிக்க அவையே வழி.

ஒளிபுகாமை நிர்வாகத்துக்கும் பெயர்ந்த சொல்; அங்கே அது தகவலை மக்களுக்குக் காட்டாமை. தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. ஆண்டு 1997. நாடு தழுவிய சட்டம் 2005-இல் வந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது. இரண்டும் முரண் அல்ல. தனிமனிதருக்கு மறைப்பு உரிமை, பொதுவானதற்குத் திறப்பு கடமை.

உடல் உடுத்தியவருக்குச் சொந்தம், அதை மறைக்கும் துணி தரமான துணி. ஆறு எல்லோருக்கும் சொந்தம், அதன் கணக்கை மறைப்பது அநீதி. தெளிவாகத் தெரிகிற நீரை நல்ல நீர் என்று ஏற்காமல், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கேட்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் வரவேண்டும். அந்த எண்ணைக் கரையில் வாழ்வோர் படிக்கும்படி தமிழில் எழுதிவைப்பது, ஏற்றுமதியால் வளர்ந்த இந்த ஊர் தன் மண்ணுக்குச் செலுத்த வேண்டிய கடன்.