இயேசு உருவமே இல்லாத பரங்கிமலைச் சிலுவை... கல்வெட்டு சொல்வது என்ன?

பீங்கான் பொம்மைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்தை அடுத்துள்ள கோணான்குப்பத்தில், வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பெரியநாயகி மாதா ஆலயம் இருக்கிறது. அங்கே சேலை கட்டிய மாதாவின் கையில் குழந்தை இயேசு. ஆனா, அதற்குச் சுமார் ஆயிரம் வருஷம் முந்தைய சென்னைச் சிலுவை ஒன்றில் இயேசுவின் உருவமே கிடையாது!

எங்கே கிடைத்தது?

1547ல் பரங்கிமலை உச்சியில் போர்ச்சுகீசியர்கள் அஸ்திவாரம் தோண்டியபோது இந்தக் கல் சிலுவை கிடைத்தது. இன்றும் மலை மேல் உள்ள தேவாலயப் பீடத்தில் இதைப் பார்க்கலாம்.

அதில் என்னதான் இருக்கு?

சிலுவையின் முனைகள் மொட்டு போல விரிந்திருக்கும். மேலே இறங்கி வரும் புறா, பரிசுத்த ஆவியின் அடையாளம். கீழே இலைகளும் படிகளும். இருபுறத் தூண்கள் மேல் மகரங்கள், அவற்றை இணைக்கும் வளைவு. நம்ம கோயில் மகர தோரணம் மாதிரியேதான்!

யார் செய்தது?

புனித தோமாவே செதுக்கினார் என்பது மரபு. ஆனால் சுற்றிலும் இருப்பது பழைய பாரசீக எழுத்தான பஹ்லவி. இது 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் செய்யப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கடல் வணிகத்தோடு வந்த பாரசீகக் கிறிஸ்தவர்களின் தடயம் இது. கேரளாவின் கோட்டயத்திலும் இதே வாசகத்தோடு சிலுவை உண்டு.

உருவம் ஏன் இல்லை?

அந்தக் காலத்தில் இயேசுவை யாருமே வரையவில்லை என்று சொல்ல முடியாது. இத்தாலியின் ராவென்னா நகர சான் விட்டாலே ஆலயத்தில், 6ஆம் நூற்றாண்டு மொசைக்கில் தாடியில்லாத இளைஞராக இருக்கிறார். 586ல் முடிக்கப்பட்ட சிரியாக் மொழி ராபுலா நற்செய்தி நூலில், சிலுவையில் அறையப்பட்ட இயேசு ஓவியமாகவே இருக்கிறார்.

பரங்கிமலையில் இருப்பது வெறுஞ்சிலுவை. மரணத்தை அல்ல, உயிர்த்தெழுதலின் வெற்றியைக் காட்டவே இப்படி என்பது பரவலான விளக்கம்.

அப்போ இயேசு எங்கே?

கல்வெட்டில் இருக்கிறார்! அதைப் படித்தவர்களிடையே சில சொற்களில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், ஆண்டவராகிய கிறிஸ்துவிடம் ஒருவர் தனக்காக இரக்கம் கேட்கும் வேண்டுதல் இது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் வாசிப்பு. முகம் செதுக்காத கல்லில், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.