வரிக்கணக்கில் நம் முன்னோர்

"பாட்டனுக்கு முன்னாடி யாருன்னு தெரியாதுங்க" என்று எங்க அமராவதி நகர்ப் பக்கம் சொல்வார்கள். நாம் எழுதி வைக்காததை, வரி வாங்க வந்த அரசு எழுதி வைத்தது. பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் உண்டு. பொறியாளனான நான் சர்வே எண்ணைப் பிடித்தே கொள்ளுத்தாத்தா பெயரைக் கண்டேன்.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடுவோர் கவனிக்க: திருப்பூர் மாவட்டம் 2009-இல்தான் பிறந்தது. கோயம்புத்தூர் மாவட்டம், உடுமலைப்பேட்டை தாலுகா என்றே கேளுங்கள்.

கூலிக்கு உழுதவர் பெயர் பட்டாவில் வராது. அவர்களுக்குப் பிறப்பு இறப்புப் பதிவும் பள்ளிச் சேர்க்கைப் பதிவும்தான் துணை.

காகிதம் பெயரைத்தான் சொல்லும். அவர் நமக்கு என்ன முறை என்று வீட்டுப் பெரியவர்தான் சொல்லணும். தம்பிகளே, அவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.