கொல்லிப்பாவை: அதிராத உரு எந்திரமான வரலாறு

நற்றிணை 201ஆம் பாட்டில் பரணர், கொல்லிமலையில் இருந்ததாகச் சங்கப் பாட்டுகள் சொல்லும் பெண்ணுருவான கொல்லிப்பாவைக்கு ஐந்து சோதனைகள் வைக்கிறார். காற்று மோதுகிறது, மழை கொட்டுகிறது, இடி சினந்து விழுகிறது, வேறு பல ஊறுகளும் நேர்கின்றன, கடைசியில் நிலமே கிளர்கிறது. பாவையின் வடிவோ குலையவில்லை. இன்றைய கட்டடப் பொறியாளர் காற்றுச் சுமைக்கு இந்தியத் தர விதி 875இன் மூன்றாம் பகுதியையும் நிலநடுக்கத்துக்கு 1893ஐயும் புரட்டுவார். பரணரின் பட்டியலும் ஏறத்தாழ அதுதான். தலைவி என் நெஞ்சைவிட்டுப் போகமாட்டாள் என்று தலைவன் சொல்லும் இடம் இது. அவனுக்கு அசையாத பொருள்தான் உவமையாக வேண்டும்.

அசையாமைக்குப் பேர்போன இந்த உரு தானே இயங்கும் எந்திரமாக எப்போது மாறியது?

1915இல் வெளிவந்த நற்றிணைப் பதிப்பின் உரையில் பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் தரும் விளக்கம் பரவலாக அறியப்பட்டது: முனிவர்களைக் காக்கச் செய்துவைத்த பெண்ணுருவம், அரக்கர், அவுணர் வாடை பட்டதும் தானே நகைத்து மயக்கிக் கொல்லும் எந்திரப் படிமை. நற்றிணைக்கு முதலில் உரை கண்டவர் அவர். அந்தக் கடனை மறவாமலேதான் மறுக்கிறேன்.

நற்றிணை 185, 192, 201, குறுந்தொகை 89, 100, அகநானூறு 62, 209 ஆகிய ஏழு பாட்டுகளை எடுத்துக்கொள்கிறேன். எதிலும் பாவை நகைக்கவில்லை. அரக்கர் வரவில்லை. எந்திரம் என்ற சொல்லும் இல்லை. அச்சொல்லைச் சங்கப் புலவர்கள் அறியாதவர்களும் அல்லர். புறநானூற்றில் கரும்பு பிழியும் ஆலை எந்திரம். பதிற்றுப்பத்தில் கோட்டை வாயிலின் அம்புப் பொறி எந்திரம். கையருகே இருந்த சொல்லைப் பாவைக்கு மட்டும் அவர்கள் தரவில்லை.

பாவையை ஆக்கியதைச் சொல்லும் வினைகளைப் பார்க்கலாம். நற்றிணை 185, குறுந்தொகை 89, அகநானூறு 62 மூன்றிலும் ‘எழுதிய’ என்றே வருகிறது. அகநானூறு 209இல் ‘ஆக்கிய’. நற்றிணை 201, குறுந்தொகை 100 இரண்டும் அதைப் பேசவில்லை. எழுதுதல் என்றால் தொய்யில் எழுதுவது, ஓவியம் தீட்டுவது. ‘எழுத்துடை நடுகல்’ என்னும்போது கல்லில் வெட்டுவதும் அதுவே. பாறை முகத்தில் எழுதிய உருவம் என்று கொண்டால் பரணரின் ஐந்து சோதனைகளும் பொருந்துகின்றன. தனித்து நிற்காத, மலையோடு மலையாக இருக்கும் ஒன்றைக் காற்று எப்படி ஆட்டும்?

எஞ்சுவது நற்றிணை 192. அங்கே மட்டும் பூதம் ‘புணர்த்த’ பாவை. கூடவே ‘புதிது இயல்’ என்ற அடையும் உண்டு. புணர்த்தலை உறுப்புகளைப் பூட்டுதல் என்றும், இயலை நடத்தல் என்றும் கொண்டால் எந்திரம் வந்துவிடுகிறது. எந்திரக் கட்சிக்கு உள்ள ஒரே பிடி இதுதான். ஆனால் குறுந்தொகை 89இல் அதே பாவை ‘நல்லியல்’ பாவை. அங்கே இயல் என்பதைத் தன்மை என்று எல்லோரும் கொள்ளும்போது, இங்கே மட்டும் அதற்குக் கால் முளைப்பானேன்? புணர்த்தலுக்கு இயற்றுதல், படைத்தல் என்ற பொருளும் உண்டு. இன்னொன்று: ஆடும் அமைப்பு முதலில் தளர்வது மூட்டில்தான். பரணரின் பாவைக்கு மலையின் கனமே போதும். மூட்டுப் பூட்டிய பொம்மையை நிலம் கிளர்ந்தாலும் குலையாதது என்று அவர் பாடியிருப்பாரா? இது புலவரின் மனத்தை ஊகிக்கும் வாதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நற்றிணை 185இல் பாவையோடு கொலை பேசப்படுவது எனக்கு எதிரான சான்று. ஆயினும் கொல்லச் சூழ்பவள் அங்கே தலைவி. பாவை அவளுக்கு வந்த உவமை. அந்த உவமை, மலையின் ‘கொல்லி’ என்ற பெயர், குறுந்தொகை 89 சொல்லும் மலையின் அச்சம் மூன்றும் சேர்ந்து, பின்வந்தோர் காதில் கொல்லும் பாவையாக ஒலித்திருக்கலாம். எந்திர மோகம் காப்பியங்களில் பெருகுகிறது. சிந்தாமணியில் மயிற்பொறி பறக்கிறது. கொங்குவேளிரின் பெருங்கதையில் உதயணனைப் பொறியானை சிக்கவைக்கிறது. கொல்லியை அடுத்த கொங்கு நாட்டிலேயே இந்தச் சுவை வேரூன்றியிருந்தது கவனிக்கத்தக்கது. பெருங்கதையின் காலமே இன்னும் முடிவாகவில்லை. ஆகவே மாற்றத்துக்கு நூற்றாண்டு குறிக்க நான் முன்வரமாட்டேன். கொல்லிமலையில் இன்று பாவையாக வணங்கப்படுபவள் எட்டுக்கை அம்மன். அங்கே பாவை நகைப்பதும் இல்லை, இயங்குவதும் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் என் வாசிப்பையும் இடிக்கிறது. குறுந்தொகை 89, பாவை எழுதப்பட்டது ‘குடவரை’யில் என்கிறது, அதை மேற்குச் சரிவு என்று கொள்வதே வழக்கம். நற்றிணை 192 அதை இளவெயிலில் காட்டுகிறது. மேற்கு நோக்கிய பாறை முகத்தில் காலை வெயில் விழாது. குடவரை என்பது சரிவைக் குறிக்காமல் சேரரின் மேற்கு மலையைப் பொதுவாகக் குறிக்கிறதா, அல்லது இளவெயில் தலைவியின் நிறத்துக்கு மட்டும் வந்த அடையா என்பதில் இரு பக்கமும் மாறி மாறிச் சாய்கிறேன்.